என் நெற்றியில் எண்ணெய் வைத்த மகனுக்கு

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்டில் பையை மாட்டிவிட்டுப் போய்விட்டாய். பையில் கத்தரிக்காய், கொஞ்சம் வஞ்சிரம், என் மாத்திரை, எனக்குப் பிடித்த பன். நான் அடுப்படியிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் உன் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். கேட்டைத் தாண்டி நீ உள்ளே வருவதில்லை. எப்போதாவது கேட்டருகே உன்னைப் பிடித்துக் கூப்பிட்டால், "வேல கீதுமா, அப்பால வரேன்" என்கிறாய். உன்னுடைய அந்த 'அப்பால' எந்தக் கிழமையில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஓமானுக்கு விசா வந்துவிட்டதாம், மாதக் கடைசியில் விமானமாம். அதையும் நீ சொல்லவில்லை, உன் தோஸ்து குமார் சொல்லித்தான் தெரிந்தது. எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டியவன் அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போகிறாய், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குமார் இன்னொன்றும் சொன்னான். போகிற அன்று நீ தங்கியிருக்கிற திருவொற்றியூர் ரூமிலிருந்தே நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவாயாம், வீட்டுக்கு வரமாட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தனியாகக் கடிதம் கொடுத்தால் பிரிக்காமல் பைக் டேங்க் கவரில் சொருகிவிடுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா? ஆகவே நம் கோவில் மாத இதழில் போடச் சொல்லி ஃபாதரிடம் கொடுத்துவிட்டேன். தெருவே படிக்கும். நீ படிக்காவிட்டாலும் நாலு பேர் உன்னை நிறுத்திச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

எல்லாரும் படிக்கப் போவதால் முதலிலிருந்தே சொல்கிறேன். மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்தது. இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை வைத்து இறால் உரிக்கிறவளுக்குச் சளியெல்லாம் ஒரு விஷயமா? கஷாயத்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். லீவு போடு என்று நீ கத்தினாய், நான் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் காலையில் கோவில் படி ஏறும்போது மூச்சு பாதியில் நின்றுவிட்டது. நீதான் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாய். நிமோனியா முற்றிவிட்டது, ஐசியுவில் வைக்க வேண்டும் என்றார்கள். வாயில் குழாய் விட்டு மெஷினால் மூச்சு கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு பெரிய ஊசிக் குழாயை வைத்து, அதன் மேல் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு பிளாஸ்டர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வெளியே உங்களுக்கு நடந்தது ஒன்று, உள்ளே எனக்கு நடந்தது வேறொன்று.

வெளியே நடந்ததை நான் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தெருக்காரர்கள் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் போட்டுவிட்டார்களாம். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே போகலாம், கை கழுவ வேண்டும், ஏப்ரனும் கையுறையும் போட வேண்டும், எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும் எல்லாருக்கும் கோபமாம். உனக்கும்தான். உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா ஈரல் கெட்டுப்போய் ஜெனரல் வார்டில் கிடந்தபோது ஒருத்தர் காலைப் பிடித்துவிட்டார், ஒருத்தர் விசிறினார், ஒருத்தர் ஜெபமாலை சொன்னார். மனிதர் நம் கைகளுக்கு நடுவில்தான் கண்ணை மூடினார். நீ அவர் தலைமாட்டில் மாதா எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றிருந்தாய். ஒரு மனிதனைத் தொடாமல் தனியாக விடுவது பாவம் என்று அன்றைக்கு உனக்குள் இறங்கியிருக்கும். அது தப்பான பாடம் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன்.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தெருப் பிலோமினா அக்கா வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வருவது. பழைய இருமல் மருந்துப் பாட்டிலில் இருக்கும். நம் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் பாட்டில் அந்த வீட்டுக்குப் போய்விடும். குழந்தைக்கு மாந்தமா, பெரியவருக்குக் காலில் சர்க்கரைப் புண்ணா, பரீட்சையா, பிரசவமா, எல்லாவற்றுக்கும் அதே பாட்டில். விரலை உள்ளே விட்டுத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவோம், மிச்சத்தை நம் தலையில் துடைத்துக்கொள்வோம், மூடி அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். தீர்கிற மாதிரி இருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கலந்துவிடுவோம். மாதா சுத்தமாகத்தான் கொடுத்தாள். நம் தெருவுக்கு வந்த பிறகு அது பட்ட பாட்டுக்கு மாதா என்ன செய்வாள்? கம்பெனியில் உள்ளே நுழையுமுன் எங்கள் நகத்தைப் பார்ப்பார்கள், வளையலைக் கழற்றச் சொல்வார்கள், குளோரின் தண்ணீரில் கையை முக்கச் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரன் தின்கிற இறாலுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையைத் தினமும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இதே விரலை எண்ணெய்ப் பாட்டிலுக்குள் விட்டவள் நான். எனக்கே தோன்றாதது உனக்கு எப்படித் தோன்றும்?

இனி உள்ளே நடந்தது. மயக்க மருந்தில் எனக்கு இடம் தெரியவில்லை. ஒரே குளிர், மேலே வெள்ளை விளக்கு, கண் மட்டும் தெரிகிற முகங்கள், உறை போட்ட கைகள் என்னைப் புரட்டுகின்றன. கம்பெனி மேஜை மேல் இறால் குவியலோடு நானும் கிடக்கிறேன், என்னையும் உரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதே, அன்றைக்கு அது எனக்கு நிஜம். கத்தினால் சத்தம் வரவில்லை. குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை, பிடுங்கத்தான் பார்த்தேனாம். என் பேர் எனக்கு மறந்துபோனது. நான் ஒரு பெண், எனக்கு ஒரு வீடு, ஒரு மகன் என்பதெல்லாம் போய்விட்டது. சாவதற்குக்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன், நைனா. யாராகவும் இல்லாமல் கிடக்கிறேனே என்றுதான் பயம்.

அங்கே செல்வி என்று ஒரு சிஸ்டர், வியாசர்பாடிப் பெண். முகமூடிக்குள் யார் யாரென்று தெரியாது என்பதால் ஏப்ரன் மேல் மார்க்கரால் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வருவாள். என் கால்மாட்டில் கையில் தேய்க்கிற மருந்து பாட்டில் இருந்தது. அதை அமுக்கினால் 'ப்சக்' என்று ஒரு சத்தம். முதலில் அந்தச் சத்தம் கேட்கும், பிறகு கையைத் தேய்க்கிற சத்தம், பிறகு அவள் குரல்.

"எம்மா, நாந்தான் செல்வி. கை கழுவிக்கினேன். இப்போ உன்ன அந்தாண்ட திருப்பப் போறோம், பயப்படாத."

நான் பதில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வாள். போகப் போக அந்த 'ப்சக்' கேட்டாலே என் படபடப்பு அடங்க ஆரம்பித்தது. ஒரு ஆள் வருகிறது, சொல்லிவிட்டுத்தான் தொடும் என்று தெரிந்துவிடும். கிருமிக்காகச் செய்கிற காரியம் பயத்துக்கும் மருந்தாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு முறை நீ வந்தாய். உன்னையும் எல்லாம் மாட்டித்தான் உள்ளே விட்டார்களாம். கட்டிலருகே வந்ததும் அங்குமிங்கும் பார்த்துவிட்டு உறையைக் கழற்றி, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாயாம். செல்வி பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது என்று அப்புறம் சொன்னாள். எனக்கு 'ப்சக்' கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. திடீரென்று நெற்றியில் ஒரு வெறும் விரல். சூடான, சொரசொரப்பான விரல். மாதா எண்ணெய் வாசனை, அதோடு கொஞ்சம் கிரீஸ் வாசனை. நெற்றியில் சிலுவை போட்டாய். மூச்சு அடைக்கிற இடமென்று தொண்டையிலும் ஒன்று போட்டாய். அந்த எண்ணெய் வழிந்து பிளாஸ்டருக்கு அடியில் போய், அதன் ஓரம் பிரிந்துவிட்டது. நீ பதறிப்போய் விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாய்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை டாக்டர் சொல்ல முடியாது, செல்வி சொல்ல முடியாது, நான்தான் சொல்ல வேண்டும். மேஜை போய்விட்டது. இறால் போய்விட்டது. இது என் மகன் விரல் என்று தெரிந்தது. இவன் பேர் சார்லஸ். நான் இவன் அம்மா. சின்ன வயதில் ஹார்பர் ரயில் சத்தத்துக்குப் பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தது, கடைசியில் என் பேரும் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் நானாக இருந்தேன். கண்ணைத் திறந்து உன்னைப் பார்க்க எவ்வளவோ முயன்றேன், இமை எழவில்லை.

பிறகு இரண்டு மூன்று நாளில் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி என்றார்கள். எண்ணெய் வைத்ததைப் பற்றி வராண்டாவில் விசாரித்தபோது பிலோமினா அக்கா, மாதா எண்ணெயில் கிருமியா, இது என்ன பேச்சு என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாளாம். நீ மட்டும் ஒப்புக்கொண்டாயாம். அப்போது உன் அத்தை எல்லார் முன்னாலும் சொன்னது எனக்கும் தெரியும். "பெத்தவளுக்கே எமனாயிட்டியேடா." சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாள். நீதான் இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறாய்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். தனிமை என்றால் என்ன என்று அந்த அறையில்தான் பார்த்தேன். உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏப்ரன் மாட்டி, போகும்போது கழற்றிப் போட வேண்டும். அதனால் சும்மா எட்டிப் பார்க்க யாரும் வருவதில்லை. ஊசி, துடைப்பது, திருப்புவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போவார்கள். மருந்து பாட்டில் கதவுக்கு வெளியே இருந்ததால் 'ப்சக்' சத்தமும் இல்லை. இப்போது நான் யார் என்று எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உன் அப்பா மேல் பொறாமைப்பட்டேன். கொடுத்து வைத்த மனிதன், அத்தனை பேர் கைக்கு நடுவில் போனான், நான் மட்டும் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகப் போகிறேனே என்று மாதாவிடம் சண்டை போட்டேன். என் கண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் செல்வி வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"எம்மா, முன்ன உன் பக்கத்து பெட்டுல கீதே, அது புள்ளத்தாச்சி. உன்னாண்ட கீற கிருமி அதுக்குப் போயிடக் கூடாது. நீ சொம்மா ஒண்டியா படுத்துகினு இல்ல, அதுங்க ரெண்டு பேரையும் காப்பாத்திகினு கீற."

அதற்குப் பிறகும் அறை அதே அறைதான், ஒண்டியாகக் கிடந்ததும் அப்படியேதான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கிக் கிடக்கிறது. அதைச் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற நாளுக்கு வருகிறேன். கையை இரண்டு பாக்கெட்டிலும் ஒளித்துக்கொண்டு நின்றாய். செல்வி தன் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் காதருகே வைத்து, உன்னைப் பேசச் சொன்னாள்.

"எம்மா, எண்ண வெச்சது நாந்தாம்மா. என்ன மன்னிச்சுடு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீ அதைப் பார்த்தாய், போனை வைத்தாய், போய்விட்டாய். நான் ஏன் அழுதேன் என்று உனக்குத் தெரியாது. அந்த அறையில் எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் அம்மா என்று கூப்பிட என் வயிற்றில் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். அந்தக் குரல் கேட்டுத்தான் அழுதேன். வாயில் குழாய் இல்லாமல் இருந்திருந்தால் உள்ளே வாடா என்று கத்தியிருப்பேன். செல்வி உனக்காக ஒரு ஏப்ரனும் உறையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். உன்னைக் கை கழுவிவிட்டு வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளாம். கழுத்தில்தான் குழாய், பாதத்தில் ஒன்றுமில்லையே. லிஃப்ட் வரைக்கும் தேடிவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். நோயாளியைத் தொடவே கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நைனா. எப்படித் தொடுவது, எங்கே தொடுவது என்றுதான் சொன்னார்கள். கோபத்தில் நம் காதில் அது விழவில்லை.

நான் பிழைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறக்க நீ கையை நீட்டினாய். நான் சட்டென்று முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகப் பயந்தது, மனசு அதைத் தடுப்பதற்குள் உன் கை திரும்பிவிட்டது. குமாரிடம் என்னைத் தூக்கச் சொல்லிவிட்டு நீ பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாய். அன்றைக்கே உன்னைப் பிடித்து உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். தொண்டை கட்டிக் கிடந்தது என்று சாக்குச் சொல்லலாம். தொண்டை சரியாகி எவ்வளவோ நாளாயிற்று.

இப்போது வீட்டில் எனக்கு யாருமில்லை. ஆஸ்பத்திரிக் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று முன்பெல்லாம் கேட்காமல் உள்ளே வந்தவர்கள் குழம்பைக் கேட்டிலேயே நீட்டுகிறார்கள். டாக்டர் பயமில்லை என்று சொன்னதை நான் சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள், ஆனால் படி ஏறுவதில்லை. இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பயப்பட வேண்டிய நாளில் பயப்படாமல், பிழைத்து வந்தவளுக்குப் பயப்படுகிறோம்.

அந்தக் கிருமி உன் விரலில்தான் வந்ததா என்று போன தடவை செக்கப்பில் டாக்டரிடம் கேட்டேன். கழுத்தில் குழாய் இருந்தாலே வரக்கூடியதுதான், எண்ணெய் பட்டுப் பிளாஸ்டர் பிரிந்ததாலும் வந்திருக்கலாம், இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உன்னால் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை, இதிலும் சொல்ல மாட்டேன். உன்னால் இருக்கலாம். ஆனால் கணக்கென்றால் முழுக் கணக்கும் பார்க்க வேண்டும். என்னை எனக்குத் திருப்பிக் கொடுத்ததும் அதே விரல்தான். ஜுரத்தைக் கொண்டு வந்ததா இல்லையா என்பது சந்தேகம். என்னைத் திருப்பிக் கொண்டு வந்ததில் சந்தேகமே இல்லை. ஒரே விரல் செய்த இரண்டையும் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் உனக்குத் தண்டனை கொடுக்க எனக்குத் தெரியவில்லை. நீயாகக் கொடுத்துக்கொள்கிறாய்.

ஓமானில் ஒரு அறையில் பல பேராகத் தங்குவீர்கள் என்று குமார் சொன்னான். யாருக்காவது ஜுரம் வந்தால் கிருமிக்குப் பயந்து அவனைத் தனியாக விட்டுவிடாதே. பாசம் என்று மேலே விழுந்து கட்டிக்கொள்ளவும் செய்யாதே. கை கழுவு. முகமூடி போடு. கிட்டே போய் நீ யார் என்று சொல்லு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லு, அப்புறம் தொடு. அவன் வீட்டுக்கு போன் போட்டு அவன் காதில் வை. உனக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னை மாதிரி வீம்பு பிடிக்காமல் லீவு போடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, இதையும் படுத்துக்கிடந்துதான் கற்றுக்கொண்டேன்.

வேளாங்கண்ணி போய் வந்த பிலோமினா அக்கா எனக்கு ஒரு புதுப் பாட்டில் தந்திருக்கிறாள். இன்னும் திறக்கவில்லை, தெருவுக்கும் அனுப்ப மாட்டேன். பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன், விரலை உள்ளே விட வேண்டாம். கேட்டுக்கு உள்ளே குழாயடியில் புது சோப்பு வைத்திருக்கிறேன். போகிற அன்று வேண்டாம், அதற்கு முன்னால் ஒரு நாள், சாவகாசமாக வா. கையைக் கழுவிக்கொண்டு படியேறி வா. உன் பேரைச் சொல்லு. எனக்கு நெற்றியில் வை, தொண்டையிலும் வை. பிளாஸ்டர் இருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு இருக்கிறது, அதைத் தொட்டுப் பார். நான் முந்தானையை இழுக்க மாட்டேன்.

கேட்டைத் தாழ் போடாமல் வைத்திருக்கும்
உன் அம்மா